25 ஆண்டுகள் கழித்துத் தட்டப்பட்ட கதவு

இரவு. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் ஒரு சிறு ஊர். கறுப்பு கோட் அணிந்த ஒருவர், நடுத்தர வயதுப் பெண் ஒருத்தியின் கையைப் பிடித்துப் படியேறி, ஒரு வீட்டின் கதவைத் தட்டுகிறார். டெக்சாஸிலிருந்து ராத்திரி முழுக்க கார் ஓட்டி வந்த களைப்பு இருவர் முகத்திலும் தெரிகிறது. கதவைத் திறந்த பெண்மணி முன்பின் தெரியாதவர். சாரா பால்மர் இருக்கிறாரா என்று கேட்கிறார் கோட்டுக்காரர். அப்படி யாரும் இங்கே இல்லை. வீட்டை யாரிடம் வாங்கினீர்கள்? அவர் ஒரு பெயரைச் சொல்கிறார். அதற்கு முன்னால் யாருடையது? உள்ளே இருக்கும் கணவரைக் கேட்டுவிட்டு, தெரியாது என்கிறார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இருவரும் தெருவுக்கு இறங்குகிறார்கள். அவர் நிற்கிறார். தலையைக் குனிந்து யோசிக்கிறார். தடுமாறி ஓர் எட்டு முன்னால் வைத்து, "இது எந்த வருஷம்?" என்று கேட்கிறார். பெண் அந்த வீட்டையே அண்ணாந்து பார்க்கிறாள். எங்கிருந்தோ ஒரு தாயின் குரல், தேய்ந்துபோய், "லாரா..." என்று அழைக்கிறது. அவள் அலறுகிறாள். வீட்டின் விளக்குகள் மொத்தமும் ஒரே நொடியில் அணைகின்றன.

அவ்வளவுதான். 2017 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை இரவு, 'ட்வின் பீக்ஸ்: தி ரிட்டர்ன்' தொடரின் 18-வது பகுதி இப்படி முடிந்தது. கால் நூற்றாண்டு காத்திருந்த ரசிகர்கள் அந்த இருட்டுத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அன்று இரண்டாகப் பிரிந்தவர்கள் இன்றுவரை ஒன்றாகவில்லை. 'டேவிட் லிஞ்ச் நம்மை ஏமாற்றிவிட்டார்' என்றது ஒரு தரப்பு. 'தொலைக்காட்சியில் இதைவிடப் பெரிதாக ஒன்று வந்ததில்லை' என்றது இன்னொன்று. நான் இரண்டு தரப்பிலும் இருந்திருக்கிறேன். முதல் முறை பார்த்தபோது, ஏழாவது பகுதியோடு வெறுத்துப்போய் நிறுத்திவிட்டேன். மறுபடி முதலிலிருந்து தொடங்கி 18-ஐயும் பார்த்து முடித்தபோது, இரண்டு நாள் வேறு எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை. இந்தச் சண்டையில் கோபப்பட்டவர்களை 'புரியாதவர்கள்' என்று தள்ளிவைப்பது பெரிய அநியாயம் என்று நினைக்கிறேன். அவர்களுக்கு மிக நன்றாகப் புரிந்தது. புரிந்ததால்தான் வலித்தது.

ஏன் வலித்தது என்று தெரிய, 1990-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு ஏப்ரல் 8-ம் தேதி ஏபிசி தொலைக்காட்சியில் ட்வின் பீக்ஸின் முதல் அத்தியாயம் ஒளிபரப்பானபோது 3 கோடியே 46 லட்சம் பேர் பார்த்தார்கள். 'எரேஸர்ஹெட்', 'ப்ளூ வெல்வெட்' எடுத்த லிஞ்ச், தொலைக்காட்சித் தொடர்கள் எழுதிப் பழகிய மார்க் ஃப்ராஸ்ட் இருவரும் சேர்ந்து உருவாக்கிய தொடர். மரம் அறுக்கும் ஆலையை நம்பிப் பிழைக்கும் கற்பனை ஊர். காலையில் மீன் பிடிக்கக் கிளம்பும் ஒருவர் கரையோரம் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கிடக்கும் உடலைப் பார்க்கிறார். பள்ளி மாணவி லாரா பால்மர். ஊரே செல்லமாக நினைத்த பெண். கொன்றது யார் என்று கண்டுபிடிக்க எஃப்பிஐ அதிகாரி டேல் கூப்பர் வருகிறார்.

கூப்பரைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சண்டையைச் சொல்ல முடியாது. காரை ஓட்டிக்கொண்டே, கையடக்க டேப் ரெக்கார்டரில் 'டயான்' என்ற, நம் கண்ணுக்குத் தென்படாத உதவியாளரிடம் பேசியபடி அறிமுகமாவார். எத்தனை மைல் வந்திருக்கிறேன், மதியச் சாப்பாட்டுக்கு 6 டாலர் 31 சென்ட் ஆனது, இந்த மரங்கள் என்ன மரம் என்று விசாரிக்க வேண்டும் என்றெல்லாம் பதிவு செய்வார். ஒரு வாய் கறுப்புக் காபி, ஒரு துண்டு செர்ரி பை கிடைத்தால் குழந்தைபோல முகம் மலரும். கனவில் கிடைத்த துப்பை நம்பித் துப்பறிவார். கைல் மக்லாக்லன் அந்தப் பாத்திரத்துக்குக் கொடுத்த சுறுசுறுப்பும் நல்லெண்ணமும் கோடிக்கணக்கான வீடுகளுக்குள் போய் உட்கார்ந்தன. கொலை, வன்முறை, வீட்டுக்குள்ளேயே நடக்கும் கொடுமை என்று இருண்டுகொண்டே போன கதையில் பார்ப்பவர் பிடித்துக்கொள்ளக் கிடைத்த கை அவருடையது.

அப்போதே தற்செயல்களைக் கதைக்குள் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் லிஞ்ச்சுக்கு இருந்தது. தொடரின் மிகப் பயங்கரமான உருவம் 'பாப்'. அந்த வேடத்தில் நடித்த ஃப்ராங்க் சில்வா நடிகரே அல்ல, அரங்கப் பொருட்களை அடுக்கும் பணியாளர். படப்பிடிப்பில் கண்ணாடியொன்றில் அவருடைய முகம் தவறுதலாக விழுந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் 'மறுபடி எடுப்போம்' என்றிருப்பார்கள். லிஞ்ச் அந்த முகத்தையே கதையின் தீமையாக ஆக்கிவிட்டார்.

கொலையாளி யார் என்பதைச் சொல்லவே கூடாது, குறைந்தபட்சம் நெடுநாள் சொல்லக் கூடாது என்பது லிஞ்ச்சின் விருப்பம். அலைவரிசை விடவில்லை. 1990 நவம்பரில், இரண்டாவது சீஸனின் நடுவிலேயே விடையைச் சொல்லியாக வேண்டியதாயிற்று. லாராவின் தந்தையே, பாப் அவர் உடம்பில் ஏறியிருந்த நிலையில், மகளைக் கொன்றார். அந்த அத்தியாயத்தை லிஞ்ச்தான் இயக்கினார். இன்றும் அதைப் பார்க்கத் தைரியம் வேண்டும். ஆனால் முடிச்சு அவிழ்ந்த பிறகு கூட்டம் கலைந்தது. ஏற்கெனவே சனிக்கிழமை ராத்திரிக்குத் தள்ளப்பட்டிருந்த தொடர், வளைகுடாப் போர்ச் செய்திகளுக்கு நடுவே சிதறியது, நிறுத்தி வைக்கப்பட்டது. ரசிகர்கள் கடிதம் மேல் கடிதம் போட்டு மிச்ச அத்தியாயங்களை வரவழைத்தார்கள். 1991 ஜூன் 10-ல் முடிந்தது. கடைசி அத்தியாயத்துக்கு லிஞ்ச் திரும்பி வந்து, எழுதி வைத்திருந்ததைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டுத் தன் மனம்போன போக்கில் எடுத்தார். சிவப்புத் திரைச்சீலை தொங்கும் அறையில் கூப்பர் மாட்டிக்கொள்கிறார். அவருடைய தீய நகல் வெளியே வந்து, ஹோட்டல் அறைக் கண்ணாடியில் நெற்றியை மோதிக்கொண்டு ரத்தம் வழியச் சிரிக்கிறது. அதற்குச் சற்று முன்பு அந்த அறையில் லாரா கூப்பரிடம் சொல்வாள்: 25 ஆண்டுகள் கழித்து உன்னை மறுபடி பார்ப்பேன்.

இந்த ஒரு வரியைத்தான் ரசிகர்கள் பொக்கிஷம்போலக் காத்து வைத்திருந்தார்கள்.

நடுவில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 1992-ல் லிஞ்ச் 'ட்வின் பீக்ஸ்: ஃபயர் வாக் வித் மீ' என்று ஒரு திரைப்படம் எடுத்தார். கூப்பருக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ளப் போனவர்களுக்கு அது லாராவின் கடைசி ஏழு நாட்களைக் காட்டியது. காபியும் இல்லை, வேடிக்கையும் இல்லை. தந்தையால் சிதைக்கப்படும் ஒரு பெண்ணின் பயத்தை அவள் பக்கத்திலேயே நின்று பார்க்கச் சொன்ன படம். கான் விழாவில் கடுமையான எதிர்ப்பு. அமெரிக்காவில் சுமார் 42 லட்சம் டாலர்தான் வசூல். தொடரை உயிராக நேசித்தவர்களே அதை வெறுத்தார்கள். ஆண்டுகள் போகப் போக, அதே படத்தை லிஞ்ச்சின் மிகச் சிறந்த படைப்புகளில் ஒன்றாக வைக்கும் அளவுக்குக் கருத்து மாறியது. சிறுவயதில் வீட்டுக்குள்ளேயே துன்புறுத்தப்பட்டவர்கள் 'எங்கள் கதையை முதன்முதலில் உண்மையாகச் சொன்ன படம்' என்று எழுதத் தொடங்கினார்கள். லாராவாக நடித்த ஷெரில் லீயின் நடிப்பைப் பற்றி இன்று இரண்டு கருத்து கிடையாது. ஆக, லிஞ்ச்சோடு சண்டை போட்டு, பிறகு அவரிடமே திரும்பி வருவது இந்த ரசிகர்களுக்குப் பழக்கமானதுதான்.

2014 அக்டோபர் 3-ம் தேதி, லிஞ்ச்சும் ஃப்ராஸ்ட்டும் ஒரே நேரத்தில், தொடரில் வரும் ஒரு வசனத்தை ட்விட்டரில் போட்டார்கள். உங்களுக்குப் பிடித்த அந்தச் சூயிங் கம் மறுபடி ஃபேஷனுக்கு வரப்போகிறது என்று பொருள். மூன்றே நாளில் ஷோடைம் கட்டணச் சேனல் அறிவித்தது: ஒன்பது அத்தியாயங்கள். அடுத்த ஏப்ரலில், தரும் பணம் போதவில்லை என்று சொல்லி லிஞ்ச் விலகினார். நடிகர்கள் ஆளுக்கொரு வாக்கியம் பேசி, லிஞ்ச் இல்லாத ட்வின் பீக்ஸ் எப்படியிருக்கும் என்று ஒரு வீடியோ வெளியிட்டார்கள். மே மாதம் அவர் திரும்பினார். ஒன்பது பதினெட்டாகிவிட்டது. பழைய தொடரில் ஆறே அத்தியாயங்களை இயக்கியவர், இதில் எல்லாவற்றையும் தானே இயக்கினார். ஒலி வடிவமைப்பும் அவருடையதே. எல்லாவற்றையும் ஒரே நீண்ட திரைக்கதையாக எழுதி, ஒரே படம்போல எடுத்து, பிறகுதான் துண்டு போட்டார்கள்.

2017 மே 21 இரவு தொடங்கியது. நேரலையாகப் பார்த்தவர்கள் 5 லட்சத்து 6 ஆயிரம் பேர். 1990-ன் 3 கோடியே 46 லட்சத்துக்குப் பக்கத்தில் வைத்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் இவர்கள் வழிதவறி வந்த பார்வையாளர்கள் அல்லர். டோனட்டும் கறுப்புக் காபியும் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள். தொடர் படமாக்கப்பட்ட ஸ்னோகுவால்மி அருவியையும் நார்த் பெண்டில் இருக்கும் உணவகத்தையும் பார்க்க ஊர் கடந்து, கடல் கடந்து போய் வந்தவர்கள். ஜப்பானிலிருந்து அந்தக் காலத்தில் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். காபி விளம்பரத்துக்காகவே லிஞ்ச் ஜப்பானியர்களுக்குக் குட்டி ட்வின் பீக்ஸ் எடுத்துக் கொடுத்த கதையும் உண்டு.

இத்தனை பேரும் எதிர்பார்த்தது ஒரே ஒரு ஆளை. கூப்பரை.

மூன்றாவது பகுதியில் கூப்பர் சிவப்பு அறையிலிருந்து வெளியே வருகிறார். லாஸ் வேகஸ் புறநகரில், யாரும் குடியிருக்காத வீட்டில், சுவரில் இருக்கும் மின்சார பிளக் ஓட்டை வழியாகப் புகையாக வந்து விழுகிறார். காலணிகள் வழியில் தவறிவிடுகின்றன. அவரை எல்லோரும் டக்கி ஜோன்ஸ் என்ற காப்பீட்டு நிறுவன ஊழியர் என்று நினைக்கிறார்கள். அவரும் மறுத்து எதுவும் சொல்வதில்லை. எதிரில் இருப்பவர் பேசும் வாக்கியத்தின் கடைசி இரண்டு வார்த்தையைத் திருப்பிச் சொல்கிறார். சிறுநீர் கழிக்கத் தெரியவில்லை. டையைத் தலையில் போட்டுக்கொள்கிறார். யாராவது தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டால்தான் நடக்கிறார்.

ஒரு வாரம், இரண்டு வாரம், சரி என்று இருந்தார்கள். இதோ இந்த வாரம் தெளிந்துவிடுவார் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்தார்கள். காபிக் கோப்பையைக் கையில் கொடுத்தால் ஒரு பொறி தட்டும், அடுத்த நொடி அணைந்துவிடும். அவர் தெளிவது 16-வது பகுதியில், ஆகஸ்ட் 27-ல். கோடை மொத்தமும் போய்விட்டது. இதற்கிடையில் மக்லாக்லனுக்கு இன்னொரு வேடம்: நீண்ட முடி, கறுத்த கண்கள், இரக்கமே இல்லாத தீய நகல். 'எங்கள் நாயகனை ஒருபக்கம் அரக்கனாக்கினாய், மறுபக்கம் பொம்மையாக்கினாய்' என்ற குற்றச்சாட்டு வந்தது. நியாயமான குற்றச்சாட்டு. நான் ஏழாவது பகுதியில் நிறுத்தியதும் இதே எரிச்சலில்தான்.

அந்த ஏழாவது பகுதியில்தான் அந்தத் துடைப்பக் காட்சி. 'ரோட்ஹவுஸ்' மதுக்கூடம் மூடும் நேரம். காலியான கூடம். தூரத்தில் வைத்த கேமரா அசையவில்லை. ஒருவர் தரையைக் கூட்டுகிறார். பின்னணியில் பழைய ஆர்கன் இசை. குப்பையை ஓரிடத்தில் சேர்க்கிறார், நகர்கிறார், விட்டுப்போன இடத்துக்குத் திரும்பி வருகிறார். இரண்டு நிமிடத்துக்கும் மேல் இதே காட்சி. ஒரு கட் கிடையாது. முதல் முறை என் கை ரிமோட்டுக்குப் போனது. இரண்டாம் முறை பார்த்தபோது அந்த ஆள் எவ்வளவு கவனமாகக் கூட்டுகிறார் என்று தெரிந்தது. மூலையில் கொஞ்சம் தூசி நின்றுவிடுகிறது, அதை விட்டுவிடுவாரோ என்று மனசு அடித்துக்கொண்டது. ஒரு கொலைக் கதையில் அடுத்து என்ன நடக்கும் என்று பதறும் மனசு, ஒரு கைப்பிடித் தூசிக்காகப் பதறியது. பார்ப்பவரின் நேரத்தை லிஞ்ச் வேறு அளவையால் அளக்கிறார் என்பது அங்கேதான் எனக்கு விளங்கியது. அதற்கு இசைய மறுப்பதற்கு எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் அதைச் சோம்பேறித்தனம் என்று சொன்னவர்கள் அந்தக் கூட்டுகிறவரைச் சரியாகப் பார்க்கவில்லை.

டக்கியையும் அப்படித்தான் மறுபடி பார்த்தேன். அவர் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்வதில்லை. அலுவலகக் கோப்புகளில் குழந்தை கிறுக்குவதுபோல ஏணியும் படிக்கட்டும் வரைகிறார், அதிலிருந்து ஒரு மோசடி வெளிவருகிறது. கொல்ல வந்தவர்கள் நண்பர்களாகிறார்கள், ஒரு செர்ரி பையின் புண்ணியத்தில். அந்த வீட்டுச் சிறுவன் சோனி ஜிம், அப்பா திடீரென்று இப்படி ஆனதைப் பார்த்துப் பயப்படாமல் சிரிக்கிறான். நவோமி வாட்ஸ் நடித்த மனைவி பாத்திரம் கத்துகிறது, கவலைப்படுகிறது, கடன்காரர்களை விரட்டுகிறது, கடைசியில் இந்த ஊமை மனிதரை முன்பிருந்த கணவரைவிட அதிகமாக நேசிக்கிறது. அலுவலக வாசலில் ஒரு சிலை, துப்பாக்கியை நீட்டி நிற்கும் கௌபாய். மாலை எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் டக்கி அந்தச் சிலையின் காலணியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறார், இருட்டும்வரை. தான் யார் என்பதை மறந்தவர் தன் வேலையின் சாயலை மட்டும் எங்கோ உணர்கிறார். பக்கவாதமோ மறதிநோயோ வந்த பெரியவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. 'அவர் திரும்பி வந்துவிடுவார்' என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமை நாம் உட்கார்ந்திருக்கிறோம்!

16-வது பகுதியில் மருத்துவமனைப் படுக்கையில் கூப்பர் கண் விழித்து எழுந்து உட்காருகிறார். ஆஞ்சலோ படலமென்டியின் அந்தப் பழைய முகப்பு இசை எழுகிறது. எஃப்பிஐ பற்றி யாரோ கேட்க, 'நான்தான் எஃப்பிஐ' என்கிறார். அந்த நொடியில் உலகமெங்கும் ரசிகர்கள் கைதட்டிக் கத்தினார்கள். நான் அழுதேன். முதல் நாளே அந்த வசனத்தைக் கொடுத்திருந்தால் ஒரு விசில் கிடைத்திருக்கும், அவ்வளவே.

எட்டாவது பகுதி வேறு விஷயம். ஜூன் 25-ல் வந்தது. நடுவில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் திரை கறுப்பு-வெள்ளையாகி, 1945 ஜூலை 16-க்குப் போகிறது. நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டுச் சோதனை. காளான் மேகம் எழுகிறது. கேமரா மெதுவாக, மிக மெதுவாக, அதற்குள்ளேயே போகிறது. போலந்து இசையமைப்பாளர் பென்டெரெட்ஸ்கி ஹிரோஷிமாவில் மாண்டவர்களுக்குக் காணிக்கையாக்கிய இசை, நூற்றுக்கணக்கான பூச்சிகள் ஒரே நேரத்தில் கதறுவதுபோல, செவியில் அறைகிறது. நெருப்பு, துகள்கள், கரி பூசிய மனிதர்கள், கக்கப்படும் முட்டைகள், அவற்றில் ஒன்றில் பாப்பின் முகம். பதிலுக்கு எங்கோ ஒரு கோட்டையிலிருந்து பூமிக்கு அனுப்பப்படும் பொன்னிற உருண்டையில் லாராவின் முகம். வசனம் ஏறக்குறைய இல்லை. ஒரு சிற்றூர்ப் பெண்ணின் கொலையைத் தோண்டிக்கொண்டே போனால் அடியில் அமெரிக்காவின் அணுகுண்டு இருக்கிறது என்று ஒரு சேனலில், ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குச் சொன்னார் லிஞ்ச். தொடரைத் திட்டியவர்களில் பலர்கூட இந்த ஒரு மணி நேரத்தின் முன்னால் வாயடைத்துப்போனார்கள். அடுத்த வாரம் ஒளிபரப்பே இல்லை. எல்லோரும் இதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

லிஞ்ச்சின் பக்கம் நிற்கும் நான், அவர் மேல் எனக்குள்ள மனக்குறையையும் சொல்லிவிட வேண்டும். ஆட்ரி ஹார்ன். பழைய தொடரில் ஷெரிலின் ஃபென் நடித்த, குறும்பும் துணிச்சலும் உள்ள பெண். 1991-ல் ஒரு வங்கி வெடிவிபத்தில் அவள் கதி என்னவென்று தெரியாமல் விடப்பட்டது. 12-வது பகுதிவரை அவளைக் கண்ணிலேயே காட்டவில்லை. காட்டியபோது ஓர் அறையில் ஒரு மனிதரோடு தீராத வாக்குவாதம். 16-வது பகுதியில் அவளுடைய பழைய நடனம், உடனே அது கலைந்து, வெள்ளை வெளேரென்ற இடத்தில் கண்ணாடிமுன் திகைத்து நிற்கும் முகம். அதோடு அவளைப் பற்றிய பேச்சே இல்லை. கூப்பரின் தீய நகல் அவளை மயக்கத்தில் கிடந்தபோது சிதைத்தது என்று தொடர் உணர்த்துகிறது. அந்தக் கொடுமைக்கு அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. லாராவுக்காக ஒரு முழுப் படம் எடுத்தவர், ஆட்ரிக்கு ஒரு காட்சி கொடுத்திருக்கலாம். பெண்கள் அடிபடுவதும் சாவதும் இந்தத் தொடரில் மிக அதிகம் என்று சொன்ன பெண் ரசிகர்களின் கோபத்துக்கு என்னிடம் பதில் இல்லை. 17-வது பகுதியில், புதிதாக வந்த ஓர் இளைஞன் பச்சைக் கையுறை மாட்டிய கையால் பாப்பைக் குத்தி உடைக்கிறான். அத்தனை பெரிய தீமையை அப்படி முடித்ததும் எனக்கு ஒட்டவில்லை.

ஆனால் இந்தத் தொடரை வெறும் புதிர் என்று சொல்பவர்கள் மறந்துவிடும் ஒன்று இருக்கிறது. இதில் வரும் வயோதிகம் ஒப்பனை போட்டதல்ல. 25 ஆண்டு என்று கதை சொல்கிறது, நடிகர்களுக்கும் 25 ஆண்டு ஆகியிருக்கிறது. நான்காவது பகுதியில், முன்பு லாராவின் அடாவடிக் காதலனாக இருந்த பாபி, நரைத்த தலையோடு, போலீஸ் உடுப்பில் வருகிறான். மேஜைமேல் பழைய வழக்குப் பொருட்களோடு லாராவின் புகைப்படம். லாராவின் இசை ஒலிக்கிறது. அவன் முகம் கோணி உடைகிறது. புதிய தொடரில் அந்த இசை அதுவரை ஒலிக்கவில்லை. லிஞ்ச் அதை நான்காவது பகுதிவரை தேக்கி வைத்திருந்தார்.

கையில் எப்போதும் மரக்கட்டை ஒன்றைச் சுமந்துகொண்டு, அது சொல்வதை ஊருக்குச் சொல்லும் 'லாக் லேடி'யை நினைவிருக்கலாம். அந்த வேடத்தில் நடித்த கேத்தரின் கூல்சன், 1970-களில் 'எரேஸர்ஹெட்' படப்பிடிப்பில் உதவி ஒளிப்பதிவாளராக இருந்த காலம்தொட்டு லிஞ்ச்சின் தோழி. மரக்கட்டையோடு ஒரு பெண் என்ற யோசனையே அந்த நாட்களில் பிறந்ததுதான். புதிய தொடருக்கு அழைத்தபோது அவர் புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருந்தார். அவர் வீட்டிலேயே காட்சிகளை எடுத்தார்கள். தலைமுடி உதிர்ந்திருக்கிறது, மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். மடியில் அந்த மரக்கட்டை. எடுத்து முடித்த சில நாட்களில், 2015 செப்டம்பர் 28-ல், காலமானார்.

ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழித்து 15-வது பகுதியில் அவருடைய கடைசித் தொலைபேசி அழைப்பு ஒளிபரப்பானது. எதிர்முனையில் காவல் நிலையத்தின் ஹாக், மைக்கேல் ஹார்ஸ். தான் போகிறேன் என்று அவர் சொல்கிறார். மரணத்தை ஒரு மாற்றம் என்கிறார், முடிவு என்று சொல்லவில்லை, ஆனால் விட்டுப்போவதில் கொஞ்சம் பயம் இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. ஹாக் குட் நைட் சொல்கிறார். அழைப்பு துண்டித்த பிறகு, அவர் காதுக்குக் கேட்காது என்று தெரிந்தும், குட் பை சொல்கிறார். காட்டுக்குள் இருக்கும் அந்த மரவீட்டின் ஜன்னல் வெளிச்சம் மெல்ல அணைகிறது. ஒரு நடிகை தன் உண்மையான சாவுக்குச் சில நாள் முன்பு, தன் பாத்திரத்தின் சாவை, தன் 40 வருடத் தோழனின் கேமராமுன் பேசிவிட்டுப் போனார். இதைப் பார்த்த பிறகும் லிஞ்ச்சை இதயமற்றவர் என்று சொல்ல என்னால் ஆகாது.

அவர் மட்டுமல்ல. ஆல்பர்ட்டாக நடித்த மிகெல் ஃபெரர் 2017 ஜனவரியில், டாக்டர் ஹேவர்டாக நடித்த, மார்க் ஃப்ராஸ்ட்டின் தந்தை வாரன் ஃப்ராஸ்ட் பிப்ரவரியில் இறந்துவிட்டார்கள். ஒளிபரப்பு தொடங்கும்போதே இருவரும் இல்லை. தொடரில் நடித்த இன்னொரு மூத்த நடிகர் ஹாரி டீன் ஸ்டான்டன் தொடர் முடிந்து பன்னிரண்டாம் நாள் போனார். 1992 படத்தில் நடித்த பாடகர் டேவிட் போவி 2016-லேயே போய்விட்டதால், அவர் பாத்திரம் ஆவி கக்கும் ராட்சதக் கெண்டிபோன்ற இயந்திரமாக வந்தது. இப்படித் தொடரே ஒரு நினைவஞ்சலியாகிவிட்டது. நடுநடுவே ஆறுதல் இல்லாமலும் இல்லை. 25 ஆண்டாகச் சேர முடியாமல் தவித்த காதலர்கள் எட், நோர்மா இருவரும், லாக் லேடி விடைபெறும் அதே 15-வது பகுதியின் தொடக்கத்தில், ஓட்டிஸ் ரெட்டிங் பாட்டு ஒலிக்க, உணவகத்தின் கவுண்டரில் சேர்ந்தார்கள். பழைய ரசிகர்கள் கேட்டது அத்தனையும் மறுக்கப்பட்டது என்பது உண்மையல்ல.

இது படமா, தொடரா என்றும் ஒரு சண்டை நடந்தது. பிரான்ஸின் 'காயே து சினிமா' இதழ் 2017-ன் சிறந்த படமாகவும், பிறகு 2010-களின் சிறந்த படமாகவும் இதைத் தேர்ந்தெடுத்தது. 'தொலைக்காட்சித் தொடரைப் படம் என்பதா' என்று தொலைக்காட்சி விமர்சகர்கள் கொதித்தார்கள். லிஞ்ச் 18 மணி நேரப் படம் என்றார். வாரம் ஒன்றாக, ஏங்க வைத்து, பொறுமை இழக்க வைத்துக் காட்டியதால்தான் இது வேலை செய்தது. என்னைக் கேட்டால் இது தொலைக்காட்சிதான்.

கடைசிக்கு வருகிறேன். 17-வது பகுதியில் கூப்பர் காலத்தின் பின்னால் போய், லாரா கொலையான இரவுக் காட்டில் அவள் கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறார். 1990-ன் முதல் அத்தியாயக் காட்சிகளையே லிஞ்ச் மறுபடி போடுகிறார்: கரையோரம் பிளாஸ்டிக் சுற்றிய உடல் கிடக்கிறது, மறைந்துபோகிறது. மீன் பிடிக்கப் போன பீட் எதையும் பார்க்காமல் தூண்டிலைப் போட உட்காருகிறார். அந்த வேடத்தில் நடித்த ஜாக் நான்ஸ் இறந்து அப்போது இருபது வருடத்துக்கும் மேலாகியிருந்தது. ஒரு நிமிடம், எல்லாம் சரியாகிவிட்டது. பிறகு கூப்பர் பிடித்திருந்த கை இல்லை. காட்டில் அலறல் மட்டும். அடுத்த பகுதியில் டெக்சாஸின் ஒடெஸாவில் லாராவின் முகத்தோடு, தன்னை லாரா என்று அறியாத கேரி பேஜ் என்ற பெண்ணைக் கண்டுபிடித்து அந்த வீட்டுக்குக் கூட்டிவருகிறார்.

கதவைத் திறந்தவர் யார் தெரியுமா? படப்பிடிப்பு நடந்த எவரெட் நகரத்து வீட்டின் நிஜ உரிமையாளரையே லிஞ்ச் நடிக்க வைத்திருந்தார். கூப்பர் கதையிலிருந்து வழிதவறி நம் உலகத்துக்கு வந்துவிட்டார் என்று ஒரு சாரார் சொன்னார்கள். 17-ஐயும் 18-ஐயும் இரண்டு திரைகளில் ஒரே நேரத்தில் ஓடவிட்டால் விடை கிடைக்கும் என்று நேரம் குறித்து உட்கார்ந்தவர்கள் உண்டு. நடந்ததை அழித்தால் லாரா பட்டதையும் அழிப்பதாகாதா, இது யார் கொடுத்த உரிமை என்று கூப்பர் மேலேயே கோபப்பட்டவர்கள் உண்டு. நான் இவர்கள் பக்கம். தாயின் அந்தக் குரல் புதிதாகப் பதிவு செய்தது அல்ல. 1990-ன் முதல் அத்தியாயத்தில், காலையில், மகள் செத்துப்போனது தெரியாமல் சாரா மாடியைப் பார்த்து லாராவை அழைத்த அதே குரல். பெயர் மாறி, ஊர் மாறி, வயது ஏறி நின்ற பெண்ணின் உடம்பு அதை அடையாளம் கண்டுகொண்டது.

லிஞ்ச் விளக்கவே இல்லை. எந்தப் படத்துக்கும் அவர் விளக்கம் தந்தவரல்லர். மார்க் ஃப்ராஸ்ட் 2017-லேயே ஒரு புத்தகம் எழுதிச் சில முடிச்சுகளைத் தொட்டார். லிஞ்ச் தன் பாட்டுக்கு ஓவியம் வரைந்தார், வீட்டிலிருந்தபடி தினமும் லாஸ் ஏஞ்சலிஸ் வானிலையைச் சொல்லி வீடியோ போட்டார். ஒவ்வொரு வதந்திக்கும் ரசிகர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். நான்காவது சீஸன் வருமாம். 2017-ல் அவரைத் திட்டித் தீர்த்தவர்களும் அந்தக் காத்திருப்பில் இருந்தார்கள். 2024 ஆகஸ்டில், புகைப்பழக்கத்தால் நுரையீரல் நோய் வந்திருப்பதாகவும், வீட்டைவிட்டு வெளியே போக முடியாத நிலை என்றும் சொன்னார்.

2025 ஜனவரியில், 79-வது பிறந்தநாளுக்குச் சில நாட்கள் இருக்கும்போது, போய்விட்டார். பர்பேங்கில் 'பாப்ஸ் பிக் பாய்' என்ற பழைய உணவகம். இளமையில் பல வருடம் தினமும் மதியம் இரண்டரை மணிக்குப் போய் மில்க் ஷேக்கும் காபியும் குடித்தபடி யோசனைகளை எழுதிவைத்த இடம். செய்தி வந்ததும் அதன் வாசலில் இருக்கும் கொழுகொழுப் பையன் சிலையைச் சுற்றி ரசிகர்கள் கூடினார்கள். பூக்கள் வைத்தார்கள், மெழுகுவத்தி, டோனட், கையால் எழுதிய சீட்டுகள் வைத்தார்கள். பக்கத்திலேயே காபி, கோப்பை கோப்பையாக, கறுப்பாக, யாரும் குடிக்காமல் ஆறிக்கொண்டிருந்தது.